கோமாளி வேஷம் யாருக்கு?

"எந்த ஊர் சார் நீங்க?"

"குத்தாலம்."

"அடடா! தினம் தினம் அருவிக் குளியல்தான்!"

ஐயா, அது குற்றாலம். தென்காசிப் பக்கம். எங்க ஊர் மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவிலே, காவிரிக் கரையில் இருக்கிற குத்தாலம். இங்கே அருவி கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் வந்தாலே அருவி மாதிரி கொண்டாடுகிற ஜனங்கள் நாங்கள்.

இந்தக் குழப்பம் தீர்ந்ததும் இரண்டாவது கேள்வி வரும். "நீங்க நாடகத்துல காமெடி வேஷம் கட்டறவராமே? வாய் விட்டுச் சிரிச்சா நோய் விட்டுப் போகும்பாங்க. உங்களுக்கெல்லாம் நோயே அண்டாதே!"

நான் பதில் பேச மாட்டேன். சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டுவேன். காலையில் சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, ராத்திரி கொழுப்புக்கு ஒன்று. சிரிப்பே மருந்து என்றால் நாற்பது வருஷமாக மேடையில் அந்த மருந்தைக் கலக்கிக் கொடுத்த எனக்கு ஒரு சொட்டாவது மிச்சம் இருந்திருக்க வேண்டாமா?

என்னை விடுங்கள். நான் பகலில் உத்தியோகம், ராத்திரியில் ஒத்திகை என்று ஓடிய அமெச்சூர் ஆள். பெரியவர்களைப் பாருங்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1957-ல் காலமானபோது அவருக்கு வயசு 48. சந்திரபாபு 1974-ல் போனார், 46 வயசு. விவேக் 2021-ல் மாரடைப்பில் போனபோது 59. ஊரையே சிரிக்க வைத்தவர்கள்தான்.

பிரிட்டன், அயர்லாந்து நகைச்சுவை நடிகர்கள் 53 பேரின் ஆயுளை வைத்து ஓர் ஆய்வுகூட நடந்திருக்கிறது. ஜோடியாக நடிக்கிறவர்களில் அதிகமாகச் சிரிக்க வைக்கிறவர்தான் சீக்கிரம் போயிருக்கிறாராம்! 53 பேர் என்பது சின்னக் கணக்குதான். அதை நம்பி யாரும் பயப்பட வேண்டாம். ஆனால், 'சிரிப்பு ஒரு மாத்திரை, தினம் மூணு வேளை முழுங்கு' என்று சொல்லிக்கொண்டு திரிவதையும் கொஞ்சம் நிறுத்தலாம்.

அப்படியானால் சிரிப்பில் ஒண்ணுமே இல்லையா? இருக்கிறது. இருப்பது வேறு இடத்தில்.

நார்மன் கசின்ஸ் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். 1964-ல் முதுகெலும்பும் மூட்டும் இறுகிப்போகும் வியாதியில் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து, ஒரு ஓட்டல் அறையில் மார்க்ஸ் சகோதரர்களின் சிரிப்புப் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று பின்னால் எழுதினார். உலகம் பூரா இந்தக் கதையைச் சொல்கிறார்கள். டாக்டர் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டதையும், வைட்டமின் சி ஏற்றிக்கொண்டதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நம்ம ஆட்களுக்கு எப்போதுமே பாதிக் கதை போதும்!

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ராபின் டன்பார் 2011-ல் வெளியிட்ட சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். கொஞ்சம் பேருக்குச் சிரிப்புப் படம், கொஞ்சம் பேருக்குச் சப்பென்ற படம் போட்டுக் காட்டினார்கள். அப்புறம் கையில் குளிர் உறை மாட்டி, 'வலி தாங்க முடியலைன்னா சொல்லுங்க' என்றார்கள். வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் கூடுதல் நேரம் தாங்கினார்கள். அப்படிப்பட்ட சிரிப்பு நாலு பேரோடு உட்கார்ந்து பார்க்கும்போதுதான் நன்றாக வருகிறது. ராபர்ட் ப்ரோவைன் என்கிற இன்னொருவர் கடைத்தெருவிலும் கல்லூரியிலும் ஜனங்கள் சிரிப்பதை ஒட்டுக் கேட்டு, 1,200 சிரிப்புகளைக் குறித்து வைத்தார். மனுஷன் தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறானாம். ஜோக் மாதிரி ஏதாவது கேட்டுச் சிரித்தது நூற்றுக்குப் பத்து, இருபதுதான். மீதியெல்லாம் 'சரி, அப்புறம் பார்ப்போம்' போன்ற சாதாரணப் பேச்சுக்குத்தான்!

ஆக, நாம் சிரிப்பது பெரும்பாலும் நகைச்சுவைக்காக அல்ல. 'நானும் உங்களோடதான் இருக்கேன்' என்று காட்டிக்கொள்ளத்தான் சிரிக்கிறோம். மேடை ஏறிய எவனுக்கும் இது தெரியும். ஹால் நிறைந்திருந்தால் மொக்கை ஜோக்குக்கும் கை தட்டுவார்கள். இருபது பேர் அங்கங்கே உட்கார்ந்திருந்தால் நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு கனைப்பு கிடைக்காது.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. எல்லாரும் சேர்ந்து சிரிக்கிற கூட்டத்தில், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ அந்த ஆள் எங்கே நிற்கிறார்? உள்ளேயா, வெளியேயா?

இதை நான் புத்தகத்தில் படித்துக் கேட்கவில்லை. என் அக்கா வீட்டுக் கூடத்தில் கற்றுக்கொண்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். அக்கா பெண்ணுக்கு அப்போது பதின்மூன்று வயசு. கொஞ்சம் பூசின மாதிரி உடம்பு. பண்டிகை என்றால் சொந்தபந்தம் எல்லாம் அக்கா வீட்டில்தான் கூடும். நான் வந்தால் கச்சேரி களை கட்டும். 'மாமா, ஏதாவது செஞ்சு காட்டுங்க!' என்று பிள்ளைகள் சுற்றிக்கொள்ளும். அந்தப் பெண் பந்திக்கு நடந்து வருவதை நான் நடித்துக் காட்டுவேன். கன்னத்தை உப்பிக்கொண்டு, கையை அகட்டிக்கொண்டு, தரை அதிர்கிற மாதிரி. இலையில் உட்கார்ந்ததும் எப்படிச் சாப்பிடுவாள் என்பது இரண்டாம் பாகம். கூடமே உருளும். அவளும் சிரிப்பாள். முதலில் சிரிப்பதே அவள்தான்!

அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவளே சிரிக்கிறாளே, அப்புறம் என்ன?

அடுத்த பொங்கலுக்கு அவள் பந்தியில் இல்லை. "பசிக்கலையாம்." அதற்கடுத்த தீபாவளிக்கு, "முன்னாடியே சாப்ட்டுட்டாளாம்." நான் கவனிக்கவில்லை. வேறு ஆளை வைத்துக் கச்சேரியை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை நேரத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். மயிலாடுதுறையில் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் எட்டு. அந்த வயசுப் பெண்ணுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். டாக்டர் பக்குவமாகப் பேசியதில் விஷயம் வெளியே வந்தது. மத்தியானச் சாப்பாட்டை மாசக்கணக்கில் நாய்க்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அக்கா என்னிடம் சத்தம் போடவில்லை. "ஏன்டா, உனக்கு மேடையில ஆள் கிடைக்கலையா? என் பொண்ணுதான் கிடைச்சாளா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் வாங்கிய மோசமான விமர்சனம் அது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 1990-களின் கடைசியில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு ஆரம்பித்து, பதினைந்து வருஷம் கழித்து அதே பிள்ளைகளை மறுபடி விசாரித்திருக்கிறார்கள். சின்ன வயசில் குடும்பத்தாரே உடம்பைக் கிண்டல் செய்த பெண்களிடம், முப்பது வயசு வாக்கிலும் கண்டபடி சாப்பிடுகிற கோளாறும் உடல் பருமனும் அதிகம். கவனியுங்கள். 'ஒல்லியாகட்டும்னுதானே சொன்னேன்' என்று நாம் சமாதானம் சொல்வோமே, அதற்கு நேர் எதிரான பலன்!

"காமெடின்னா கொஞ்சம் கிண்டல் இல்லாம எப்படி சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில் மெலட்டூர் என்று ஓர் ஊர். வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். இரணியன், பிரகலாதன் எல்லாரும் வருவதற்கு முன்னால் மேடைக்கு யார் வருகிறார் தெரியுமா? கோணங்கி! கூம்புத் தொப்பியோடு ஒரு கோமாளி ஆட்டம். பிள்ளையார்கூட அவருக்கு அப்புறம்தான். தெருக்கூத்தில் கட்டியங்காரன், ஸ்பெஷல் நாடகத்தில் பபூன், எல்லாம் இதே ஜாதி வேஷம்தான். ராஜாவைக் கேலி பண்ணுகிற உரிமை இவனுக்கு மட்டும் உண்டு. எப்படிக் கிடைத்தது அந்த உரிமை? முதலில் தன்னைத் தானே கேவலமாக்கிக்கொண்டான். கூட்டத்திலேயே கீழான ஆள் நான்தான் என்று குட்டிக்கரணம் போட்டான். அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

எங்கள் பக்கத்துக்காரர் கே.ஏ.தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் அருகே திருமலைராயன்பட்டினத்தில் 1917-ல் பிறந்தவர். 'கல்யாணப் பரிசு' படத்தில் (1959) வேலையில்லாத மனுஷன், பெண்டாட்டியிடம் வேலை இருப்பதாகவும் தான் பெரிய எழுத்தாளர் என்றும் அளந்து விடுவார். நாம் அந்த மனைவியைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பொய் மேல் பொய்யாக அடுக்கிவிட்டு, எது சரியப்போகிறதோ என்று முழிக்கிறாரே, அந்த முழியைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். 'அறிவாளி'யில் (1963) பூரி சுடக் கற்றுக்கொடுக்கிற காட்சி இன்னும் பிரசித்தம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாத மனைவியைக் கிண்டல் செய்கிற மாதிரி இருக்கும். நன்றாகக் கவனியுங்கள். அடி அடியாகப் பொறுமை இழந்து, கடைசியில் உடைந்துபோவது புருஷன்தான். டி.பி.முத்துலட்சுமி கொஞ்சம்கூடக் கலங்காமல் நிற்பார்!

மன்னார்குடியில் பிறந்த மனோரமா ஆச்சியும் எங்கள் டெல்டாதான். நாடக மேடையிலிருந்து வந்தவரை, 1958-ல் 'மாலையிட்ட மங்கை'யில் காமெடி வேஷம் கட்ட வைத்தவர் கண்ணதாசன். கதாநாயகி ஆசை இருந்த பெண்ணுக்கு அது லேசான விஷயமா? 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஜில் ஜில் ரமாமணியைப் பாருங்கள். பளபள உடுப்பு, இழுத்து இழுத்துப் பேச்சு. சிரித்துக்கொண்டே வருவோம். எந்த இடத்தில் நம் சிரிப்பு நின்று இரக்கம் வந்தது என்று தேடினால் அகப்படாது. 'சின்ன கவுண்டர்' (1992) படத்துக்குப் பல்லை எடுப்பாக வைத்துக்கொண்டு நடித்தார். தன் முகத்தைத்தானே கெடுத்துக்கொண்டார்! அடுத்தவர் பல்லைக் காட்டிச் சிரிப்பு வாங்கவில்லை.

நாகேஷ் முகத்தில் அம்மைத் தழும்பு. அந்த முகத்தோடுதான் 'சர்வர் சுந்தரம்', 'எதிர்நீச்சல்' எல்லாம். நடிப்பு என்றால் என்ன என்று இளம் பையன்கள் என்னைக் கேட்டால், 'மகளிர் மட்டும்' (1994) பார்க்கச் சொல்வேன். அதில் அவர் பிணமாக வருகிறார். வசனம் கிடையாது. கண்ணைத் திறக்க முடியாது. புருவம் அசையக்கூடாது. ஆனாலும் தியேட்டரே சிரித்தது! உடம்பில் ஒரு நரம்புகூட முறுக்காமல், யார் எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கம் தளர்ந்து விழ வேண்டும். நான் ஒரு நாடகத்தில் அதை முயற்சி செய்து பார்த்தேன். இரண்டு நிமிஷம் தாங்கவில்லை. தோள் தானாக இறுகிக்கொள்கிறது. கூட இருந்தவர் என் கையைத் தூக்கிவிட்டார், கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. பிணம் சத்தியாக்கிரகம் பண்ணுகிறதா என்று முன் வரிசையில் ஒரு குரல்!

நம் சினிமாவில் உருவத்தைக் கிண்டல் செய்து கைதட்டல் வாங்கிய காட்சிகளும் ஏராளம். கறுப்பு, குண்டு, வழுக்கை, திக்குவாய், காது மந்தம். நானும் பேசியிருக்கிறேன் அந்த வசனங்களை. காரணம், அது சுலபம். உடம்பைக் கிண்டல் பண்ணுவதற்குக் கற்பனை வேண்டாம், கண் இருந்தால் போதும். ஒருத்தன் குண்டு என்பது எனக்கு முன்னாலேயே ஊருக்குத் தெரியும். அதில் நான் என்னத்தைக் கண்டுபிடித்தேன்?

கண்டுபிடிக்க வேண்டுமானால் காது வேண்டும். டீக்கடை பெஞ்ச், ரேஷன் கடை வரிசை, கும்பகோணம் போகிற பஸ். ஒருவர் கடன் கேட்பதற்கு முன்னால் எத்தனை பேருடைய சௌக்கியத்தை விசாரிக்கிறார் என்று கவனியுங்கள். கேட்கிற தொகை பெரிசானால் விசாரிக்கிற சொந்தக்காரர்களும் கூடுவார்கள்! இதை மேடையில் செய்தபோது எல்லாரும் சிரித்தார்கள். கடன் கேட்டவரும் சிரித்தார், கொடுத்தவரும் சிரித்தார். யாரும் சாப்பாட்டை நாய்க்குப் போடவில்லை.

ஒரு ராத்திரி சொல்கிறேன். 2012. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போச்சு. அந்த வருஷம் பக்கத்துக் கிராமத்தில் கோயில் விசேஷத்துக்கு எங்கள் நாடகம். ராஜா கம்பீரமாக, "மந்திரியாரே, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்டார். மந்திரி வழக்கம்போல, "பொழிகிறது மன்னா!" என்றார். ஜனங்கள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் காவல்காரன் வேஷம். வசனம் கிடையாது. வாய் சும்மா இருக்கவில்லை. "பொழியுது மன்னா... ஆனா மூணும் மேட்டூருக்கு அந்தப் பக்கமாப் பொழியுது!" என்றேன்.

ஒரு விநாடி அமைதி. செத்தோம் என்று நினைத்தேன். அப்புறம் எழும்பிய சிரிப்பு இருக்கிறதே, அதை இன்னமும் மறக்க முடியவில்லை. பயிர் இல்லாதவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். முன் வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தண்ணீர் வரவில்லைதான். ஆனால் நாடகம் முடிந்தும் ஜனங்கள் கலையாமல் உட்கார்ந்து, வாய்க்கால் தூர் வாருவதைப் பற்றி விடியவிடியப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் வீட்டிலும் என் மாதிரி ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். நல்ல மனுஷராகத்தான் இருப்பார். அவர் ஜோக் அடிக்கும்போது ஜோக்கைப் பார்க்காதீர்கள், யாரைப் பற்றியதோ அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எல்லாருக்கும் முன்னால் அவசரமாகச் சிரிக்கிறதா? சிரித்து முடித்ததும் எழுந்து உள்ளே போகிறதா? அடுத்த பண்டிகையில் புதுச்சட்டை போட மறுக்கிறதா? அப்படியானால் பேச்சை மாற்றுங்கள். 'சும்மா தமாஷுக்கு' என்று யாராவது சொன்னால், 'தமாஷ் யாருக்கு?' என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். திக்கிப் பேசுகிற குழந்தையை நடித்துக் காட்டுவதை அடியோடு நிறுத்துங்கள். வாயைத் திறக்கவே பயந்துபோனால் திக்கல் இன்னும் கூடும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். காது மந்தமான தாத்தாவின் பதிலைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற வீட்டில், தாத்தா மெல்லப் பேச்சையே குறைத்துக்கொள்வார். அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. பிரசவத்துக்குப் பிறகும் வயசான காலத்திலும் பலமாகச் சிரித்தால் சிறுநீர் கசிகிற தொந்தரவு பலருக்கு உண்டு. இதற்காகவே கூட்டத்துக்கு வராமல், வந்தாலும் சிரிக்காமல் இருக்கிறார்கள். எங்கள் நாடகத்துக்கு வராததற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கும் என்று எனக்கு அறுபது வயசுக்கு மேல்தான் தெரிந்தது! இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்துகிற எளிய பயிற்சிகள் இருக்கின்றன. லேடி டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். குடலிறக்க ஆபரேஷன் ஆனவர்கள் தையல் ஆறும்வரை கொஞ்சம் அடக்கி வாசிக்கவும். ஆஸ்துமாக்காரர்களுக்குச் சிரித்தாலே இழுப்பு வருகிறது என்றால், வியாதி கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். சிரிப்பை நிறுத்தாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

காலையில் பூங்காவில் கூடி ஹா ஹா என்று சிரிக்கிறார்களே, அது 1995-ல் மும்பையில் டாக்டர் மதன் கடாரியா ஆரம்பித்து வைத்தது. தேகப்பயிற்சி என்ற வகையில் நல்லதுதான். எனக்கு மட்டும் அது ஒட்டவில்லை. நாற்பது வருஷம் காரணம் தேடிச் சிரிக்க வைத்தவனிடம் காரணமில்லாமல் சிரி என்றால் என்ன செய்வான்?

அக்கா பெண் கதை பாக்கி இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை, கீரை, அக்காவின் கண்காணிப்பு என்று ஒரு வருஷத்தில் தேறிவிட்டாள். என்னோடு பேசத்தான் ரொம்ப நாள் ஆயிற்று. மாமா என்று கூப்பிடுவாள், நின்று பேச மாட்டாள். நான் அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் யாரையும் நடித்துக் காட்டியதில்லை. என்னைத்தான் நடித்துக் காட்டுவேன். சர்க்கரை வியாதிக்காரன் ஜாங்கிரித் தட்டைத் தாண்டிப் போவது எப்படி என்பது என் புது அயிட்டம்.

போன தீபாவளிக்குப் பெண் குழந்தையோடு வந்திருந்தாள். பிள்ளைகள் 'நடிச்சுக் காட்டு' என்று யாரையோ பிடித்து இழுத்தார்கள். அவள் சட்டென்று எழுந்து, மூட்டு வலியோடு நான் மேடைப் படி ஏறுவதை, ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பேரைச் சொல்லிக்கொண்டு ஏறுவதை, அச்சு அசலாகச் செய்தாள். கூடமே உருண்டது. நானும் முந்திக்கொண்டு சிரித்தேன்.

முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, வலிச்சுதா?"

"முட்டியா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். உள்ளேயிருந்து அக்கா, "இலை போட்டாச்சு, வாங்க எல்லாரும்" என்று கூப்பிட்டாள். முதல் பந்தியில் என் பக்கத்து இலையில் அவள் உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.